செண்பகவல்லிக்கு ஒரு பொக்கை வாய்

அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. கடைசி சீட்டுல இருந்து எந்திரிச்சு வந்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கு. சாத்தூர்ல ஏறினீகள்ல, ஏறினதும் சீட்டுத் தேடி பின்னால திரும்பி ஒரு கொட்டாவி விட்டீக. சாதாரணக் கொட்டாவியா அது! நான் அங்க இருந்தே பாத்துட்டேன். மேல ஒண்ணு இல்ல, கீழ ஒண்ணு இல்ல. தொடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. எனக்கு உடம்பே சிலுத்துப் போச்சு. காலைல கோவில்பட்டியில பஸ் ஏறும்போது, "தாயே, இன்னைக்கு ஒரு வாயைக் காட்டு"ன்னு கும்பிட்டுட்டுத்தான் ஏறினேன். காட்டிட்டா.

ஏன் ஜன்னல் பக்கம் ஒதுங்குதீக? நான் பிள்ளை புடிக்கிறவனும் இல்ல, பை தூக்குறவனும் இல்ல. ஆவுடைநாயகம்னு கோவில்பட்டியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாக. கடலை மிட்டாய் போடுதவன். இந்தா, இந்தப் பை பூராம் மிட்டாய்தான். ஒண்ணு எடுத்துக்கோங்க. அட, ஆமால்ல, உங்களுக்கு எப்படி முடியும். சரி, சப்பியாவது பாருங்க. வேண்டாமா? தலையை மட்டும் ஆட்டுதீகளே, வாயைத் தொறந்து வேண்டாம்னு சொல்லக் கூடாதா? தொறந்தீகன்னா ஈறையும் ஒரு தடவை பாத்துக்கிடுவேன்.

விஷயத்துக்கு வாரேன். என் மக பல் டாக்டருக்குப் படிக்கா. கடைசி வருசம். செண்பகவல்லி, எங்க ஊரு அம்மன் பேருதான். வீட்டுல செம்பா. ஒரே பிள்ளை. கடலை மிட்டாய்க்காரன் மக பல் டாக்டரான்னு எங்க கடைத்தெருவுல ஒரே சிரிப்பு. "ஏ நாயகம், நீ ஒடைச்சு அனுப்பு, ஒம் மக ஒட்டவச்சு அனுப்பட்டும், குடும்பமே பொழைச்சுக்கிடலாம்"னு பேசுதாக. பேசட்டும். என் வீட்டுக்காரி பூரணத்தோட அண்ணன் ஒருத்தன் இருக்கான். அவன் மகன் பெரிய டாக்டருக்குப் படிச்சவன். செம்பாவுக்கு சீட்டு கெடச்ச அன்னைக்கு இனிப்பைத் தூக்கிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். மச்சான் ஒரு துண்டை எடுத்து வாயில போட்டுக்கிட்டு, "பல்லுக்குத்தானா?"ன்னு கேட்டான். அந்தத் "தானா" இன்னும் என் காதுல நிக்கு. அன்னைக்கே முடிவு பண்ணுனேன். என் பிள்ளை ஒரே தடவையில பாஸ் பண்ணணும், பண்ணி, அந்தப் பயலை நாற்காலியில சாய்ச்சு வச்சு அவன் வாய்க்குள்ள கையை விடணும். அதுக்குத்தான் இம்புட்டுப் பாடும்.

முதல் வருசம் ஒண்ணும் தெரியல. மெழுகுக் கட்டியைக் குடுத்துப் பல்லு செதுக்கச் சொல்லுதாக. லீவுக்கு வந்தவ ராத்திரி பகலா உக்காந்து செதுக்குனா. ஒரு கடைவாய்ப் பல்லு, அப்படியே உசிரோட இருக்கும். நான் அதைக் கொண்டு போயி கல்லா மேல கண்ணாடி பாட்டில்ல மிட்டாய்க்குப் பக்கத்துல வச்சேன். வாரவக போறவக பாக்கட்டும்னுதான். "இது என்ன புதுசா, தேங்காய் மிட்டாயா?"ன்னு ஒருத்தர் கேட்டாரு. பல்லுன்னேன். அன்னைக்கு மிட்டாய் வாங்காமலே போயிட்டாரு. ரசனை இல்லாத ஆளு.

இந்தப் படிப்புல ஒரு கூத்து இருக்கு அண்ணாச்சி, வேற எந்தப் படிப்புலயும் இல்லாத கூத்து. வக்கீலுக்குப் படிக்கிற பய பரீட்சைக்கு ஒரு கொலைகாரனைக் கையோட கூட்டியாரணும்னு உண்டா? இங்க உண்டு. நோயாளியை இந்தப் பிள்ளைகளே தேடிப் புடிச்சுக் கொண்டாரணும். சொத்தைப் பல்லுக்கு ஒரு ஆளு, வேர் வரைக்கும் குடைஞ்சு அடைக்க ஒரு ஆளு, கடைசியில முழுப் பல்செட்டுக்கு ஒரு ஆளு. சொத்தைப் பல்லு நாட்டுல மலிஞ்சு கெடக்கு. அதுல எங்க தொழிலுக்கும் பங்கு உண்டுங்காக, நான் ஒத்துக்கிடல, வெல்லம் உடம்புக்கு நல்லது. ஆனா பல்லே இல்லாத வாய்க்கு எங்க போக?

ஒருநாள் போன்ல பேசிக்கிட்டு இருக்கும்போது சொன்னா. "அப்பா, எனக்குப் பல்லே இல்லாத ஆளு ஒருத்தர் வேணும்ப்பா. யாராச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்க."

பேச்சுவாக்குல சொன்னது அது, அதோட விட்டிருக்கலாம்னு பூரணம் இப்ப சொல்லுதா. எப்படி விட? சைக்கிள் கேட்டா, வாங்கிக் குடுத்தேன். டூசன் கேட்டா, சேத்துவிட்டேன். இப்ப பொக்கை வாய் கேக்கா. பெத்தவன் சும்மா இருக்க முடியுமா?

"என்ன மாதிரி வாய் வேணும்?"னு கேட்டேன். அவ அடுக்குதா: ஈறு மேடா, உருட்டா இருக்கணும், தேஞ்சு பள்ளமாப் போயிருக்கக் கூடாது. நாக்கு ரொம்பப் பெரிசா இருக்கக் கூடாது. தொண்டைப் பக்கம் கை போனா குமட்டக் கூடாது. கூப்பிட்ட நேரத்துக்கு வரணும், கோவக்காரரா இருக்கக் கூடாது. அடேயப்பா, இவளுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது கூட நான் இம்புட்டுக் கேக்க மாட்டேன்.

மாப்பிள்ளை தேடுற மாதிரியேதான் தேடினேன். கல்யாணத் தரகர் கிட்டயே சொல்லி வச்சேன். அவரு, "சாதி?"ன்னு கேட்டாரு. "எந்தச் சாதியா இருந்தாலும் சரி, பல்லு மட்டும் இருக்கக் கூடாது"ன்னேன். இந்த ஊருல எனக்குத் தெரிஞ்சு இப்படிப் பரந்த மனசோட வரன் தேடுனது நான் ஒருத்தன்தான்.

முதல்ல வந்த எடம் கோட்டைச்சாமி. தீப்பெட்டி ஆபீஸ் லாரியில சுமை ஏத்துன ஆளு, இப்ப வீட்டோட இருக்காரு. நல்ல நாள் பாத்து, வெத்தலை பாக்கு, பழம், பூ எல்லாம் தட்டுல வச்சு பூரணத்தையும் கூட்டிக்கிட்டுப் போனேன். அவரு மருமக வாசல்லயே மறிச்சு, "என்ன விசேசம்?"னு கேட்டா.

"வாய் பாக்க வந்திருக்கோம்"னேன்.

அந்தப் பிள்ளை பூரணத்தைப் பாத்தா. பூரணம் தரையைப் பாத்தா. ஆனாலும் உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு காப்பி குடுத்தா, மரியாதையான குடும்பம். கோட்டைச்சாமி அண்ணாச்சி சட்டை எல்லாம் மாத்திக்கிட்டு வந்து உக்காந்தாரு. செல்போன் லைட்டை அடிச்சேன். ஆ காட்டுனாரு. மேல் ஈறு, ஆகா, கோவில் மதிலு மாதிரி. கீழ பாக்கேன், நட்டநடுவுல ஒத்தப் பல்லு நிக்கு. மஞ்சளா, தனியா, கொடிமரம் மாதிரி.

"அண்ணாச்சி, இது ஒண்ணை மட்டும் எடுத்துட்டா முடிஞ்சுச்சு"ன்னேன்.

அவரு வாயை மூடிட்டாரு. மூடிட்டுச் சொன்னாரு: "தம்பி, முப்பத்திரெண்டு பேரு என்கூட வந்தாக. ஒவ்வொருத்தனா விட்டுட்டுப் போயிட்டானுக. இவன் ஒருத்தன்தான் இன்னைக்கு வரைக்கும் நின்னுக்கிட்டு இருக்கான். இவனைப் போயி நான் வெளிய போன்னு சொல்லவா? நீ காப்பியைக் குடிச்சுட்டுக் கெளம்பு."

நல்ல மனுசன்தான். ஆனா பரீட்சைக்கு நல்ல மனுசன் என்னத்துக்கு?

நான் விடல. தானா விழுந்தா அவரு ஏத்துக்கிடுவாருன்னு கணக்குப் போட்டேன். எங்க தொழில்ல பாகுதான் எல்லாம். வெல்லப்பாகு எறக்குற பதம் ஒண்ணு இருக்கு. ஒரு சொட்டு எடுத்துத் தண்ணியில விட்டா உருண்டு நிக்கணும், தட்டுல போட்டா டங்குன்னு சத்தம் வரணும். அதுதான் பதம். நான் அதுக்கு மேலயும் கொதிக்க விட்டேன். மாஸ்டர் பதறுதாரு, "மொதலாளி, இது மிட்டாய் இல்ல, ஓடு"ங்காரு. ஓடுதான் வேணும்னேன். தனியா ஒரு டப்பாவுல போட்டு, தெனமும் சாயங்காலம் கோட்டைச்சாமி வீட்டுக்குப் போயிருவேன். அவரும் ஆசையாத்தான் வாங்கி வாயில போடுதாரு. ஆனா கடிக்கல. சப்புதாரு. சப்பிச் சப்பியே தீக்காரு. பொறுத்துப் பொறுத்துப் பாத்து, ஒருநாள், "இப்படிக் கடிக்கணும் அண்ணாச்சி"ன்னு நானே ஒரு துண்டை எடுத்துக் கடிச்சுக் காட்டினேன்.

இந்தா, பாருங்க. ஈ. முன்பல்லு ரெண்டும் அன்னைக்குப் போனதுதான்.

கோட்டைச்சாமி அண்ணாச்சி பதறிப்போயி தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. அவரோட ஒத்தப் பல்லு அசையவே இல்ல.

அது போக, அந்த ஓட்டு மிட்டாய்ல ஒரு பாதி எப்படியோ கடைச் சரக்கோட கலந்து வித்துப்போச்சு. அந்த வாரம் எங்க ஊருப் பல் ஆஸ்பத்திரியில உக்கார எடம் இல்லையாம். பூராம் ஒடசல், விரிசல். முழுப் பொக்கை ஒண்ணு தேறுமான்னு நானும் போயி வரிசையில பாத்தேன். ஒண்ணும் தேறல. திட்டுதான் கெடச்சுச்சு.

செம்பாவுக்கு எப்படியோ தெரிஞ்சு, அடுத்த சனிக்கிழமையே ஓடி வந்துட்டா. வந்ததும் வராததுமா, "அப்பா, வாயைத் தொறங்க, பாப்போம்"னா. நான் தொறக்கல. "ரெண்டு பல்லுதான்மா போயிருக்கு, மிச்சம் எல்லாம் இருக்கு. இது உன் பரீட்சைக்கு உபயோகப்படாது"ன்னேன். "பரீட்சைக்கு இல்லப்பா, நான் சரி பண்ணி விடுதேன்"னா. "படிக்கிற பிள்ளை நேரத்தை வீணாக்கக் கூடாது, போயிப் படி"ன்னுட்டேன். அடுப்படிக்குள்ள போயி அழுதா. ஏன்னு தெரியல. பரீட்சை பயமா இருக்கும்.

அண்ணாச்சி, தூங்கிட்டீகளா? இல்லையே, கண்ணு மட்டும் மூடியிருக்கு, இமை ஆடுது. துண்டை வேற எடுத்து வாயைப் பொத்திக்கிட்டீக. காத்து அடிக்குதா? ஜன்னலைச் சாத்தட்டா? சரி, நீங்க கண்ணை மூடிக்கிட்டே கேளுங்க. இனிமேத்தான் முக்கியமான கட்டம்.

ஒத்தை ஒத்தையாத் தேடுனா ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. கடை வாசல்ல போர்டு எழுதி வச்சேன்: பல் இல்லாதவர்களுக்கு மிட்டாய் இலவசம். பூரணம் தலையில அடிச்சுக்கிட்டா. "பல் இல்லாதவுக மிட்டாயை வச்சு என்ன செய்வாக? பேரனுக்குக் கொண்டு போவாக, அவனுக்கும் பல்லு போகும்"னா. அவளுக்கு யாவாரம் தெரியாது. ரெண்டே நாள்ல கூட்டம் பாருங்க! எங்க இருந்துதான் வந்தாகளோ. ஊருக்குள்ள இம்புட்டு பேருக்குப் பல் இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரியும். அதுலயும் கள்ளத்தனம். கடைவாய்ப் பல்லை வச்சுக்கிட்டு உதட்டை மடிச்சு பொக்கை மாதிரி வந்து நிக்காக. நான் விரலை விட்டுப் பாத்துத்தான் மிட்டாய் குடுத்தேன். ஒருத்தர் கடிச்சும் வச்சாரு.

தேறுனவுக பத்துப் பன்னெண்டு பேரு. எல்லாம் சுத்தமான வாய். வேன் புடிச்சேன். காலேஜ் முடிஞ்சு அப்படியே மதுரைக்குப் போயி மீனாட்சியைப் பாத்துட்டு வரலாம்னு சொல்லி ஏத்தினேன். கோட்டைச்சாமி அண்ணாச்சியும், "மீனாச்சியைப் பாத்து வருசமாச்சு"ன்னு ஒத்தப் பல்லோட ஏறிக்கிட்டாரு. செம்பா கிட்டச் சொல்லல. திடீர்னு கொண்டு போயி நிறுத்துனா பிள்ளை முகம் எப்படி மலரும்னு பாக்கணும்னு ஆசை.

காலேஜ் எங்கன்னா, திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலை மேலயே இருக்கு. இந்த பஸ் அங்க நிக்கும். உள்ள போயி வேனை நிறுத்தி, அத்தனை பேரையும் கைத்தாங்கலா எறக்கி, வராந்தாவுல வரிசையா உக்கார வச்சேன். பாவம், பசியாத்தானே வந்திருக்காக. பன்னு வாங்கி டீயில நனைச்சுக் குடுப்போம்னு கேன்டீனுக்குப் போனேன். போன நேரம் எம்புட்டு இருக்கும்? ஒரு டீ ஆத்துற நேரம்.

திரும்பி வாரேன், வராந்தா காலி!

வெள்ளைக் கோட்டு போட்ட பிள்ளைக அங்கிட்டும் இங்கிட்டும் பறக்குதுக. ஒவ்வொரு பொக்கைக்கும் ரெண்டு டாக்டரு. ஒரு பய ஒரு பெரியவரை நாற்காலியோட தூக்கிட்டுப் போறான். இன்னொரு பெரியவருக்கு இந்தக் கையை ஒரு பிள்ளை இழுக்கு, அந்தக் கையை ஒரு பிள்ளை இழுக்கு. "எனக்குத்தான் தாத்தா முதல்ல ஆ காட்டுனாரு!" "இல்ல, எனக்குத்தான் சிரிச்சாரு!" அந்த மனுசன் கல்யாணத்துக்குக் கூட இம்புட்டு பேரு தன்னைக் கேட்டது இல்லைன்னு பூரிச்சுப்போயி நிக்காரு. நான் பன்னுத் தட்டோட கத்துதேன், "ஏ, அது எங்க ஆளுக! நான் கொண்டாந்தது!" யாரு கேட்டா? கண்ணு முன்னால அத்தனை வாயும் போச்சு. பெஞ்சியில மிச்சம் இருந்தது கோட்டைச்சாமி அண்ணாச்சி ஒருத்தருதான். ஒத்தப் பல்லைப் பாத்துட்டு எல்லாரும் விட்டுட்டாக.

அப்பத்தான் செம்பா படியிறங்கி வந்தா. என்னைப் பாத்தா, பன்னைப் பாத்தா, கோட்டைச்சாமியைப் பாத்தா. கண்ணு கலங்கிருச்சு. அவ கூடப் படிக்கிற பிள்ளைக எல்லாம் என்னைச் சுத்தி நின்னுக்கிட்டு, "ரொம்ப தேங்க்ஸ் அங்கிள், எங்க பேட்ச்சே உங்களை மறக்காது அங்கிள்"ங்காக. நான் பேந்தப் பேந்த முழிச்சேன். பல் இருக்கிறவன் பக்கோடா தின்பான்னு சொல்லுவாக. நான் பக்கோடா வாங்கிக் குடுத்துட்டு பல்லையும் பறிகொடுத்தவன் ஆயிட்டேன்.

கோட்டைச்சாமி அண்ணாச்சிதான் எந்திரிச்சு அவ கிட்டப் போனாரு. "ஏ தாயி, நீதான் இவரு மகளா? அழாத. வேணும்னா இவனை எடுத்துக்கோ"ன்னு கீழ் உதட்டை இழுத்து அந்தப் பல்லைக் காட்டுனாரு. மூணு மாசம் நான் மிட்டாய் குடுத்து அசையாத மனுசன்!

அவ என்ன செஞ்சா தெரியுமா? குனிஞ்சு நல்லாப் பாத்தா, பல்லு பாக்குற குட்டிக் கண்ணாடியை விட்டுத் தட்டிப் பாத்தா. "தாத்தா, இது நல்லா ஊணி நிக்கு, இதைப் புடுங்கக் கூடாது"ன்னு சொல்லிட்டா. பாருங்க, வெவரம் கெட்ட பிள்ளை. வந்த லச்சுமியை வாசலோட அனுப்புதா.

அன்னைக்குத்தான் என்னைத் தனியாக் கூட்டிட்டுப் போயிச் சொன்னா: "அப்பா, நீங்க இனிமே ஒண்ணும் செய்ய வேண்டாம். எனக்கு ஆளு கெடச்சாச்சு. பரீட்சை முடியிற வரைக்கும் காலேஜ் பக்கம் வராதீங்க. முடிச்சுட்டு நானே வாரேன்." "யாரு? எந்த ஊரு? ஈறு எப்படி?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் சொல்ல மாட்டேன்"னா.

உங்களுக்கே புரியும் அண்ணாச்சி. ஆளு இருந்தாச் சொல்ல மாட்டாளா? இல்ல. அப்பா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு ஒரு பொய். என் பிள்ளை அப்படி. எனக்குச் சோறு எறங்கல. இன்னைக்குப் பரீட்சை. மத்த பிள்ளைக எல்லாம் நான் கொண்டாந்த வாயை வச்சுக்கிட்டு பரீட்சை எழுத, என் பிள்ளை வெறும் நாற்காலியைப் பாத்துக்கிட்டு நிக்கப் போறாளேன்னு ராத்திரி பூராம் பொரண்டேன். விடியறதுக்குள்ள கெளம்பிட்டேன். பஸ்ல ஒரு பொக்கை ஏறாமலா போகும்? ஏறுனீக, பாத்தீகளா!

அளவெல்லாம் முன்னாலேயே எடுத்து வச்சிருக்கணும், பரீட்சை அன்னைக்குப் புது ஆளைக் கூட்டிட்டு வந்தாப் பிரயோசனம் இல்லைன்னு அவ ஒருதடவை சொன்னா. அதெல்லாம் ஒரு பேச்சு. நேர்ல போயி நின்னா யாரு வேண்டாம்பாக? நான் யோசிச்சு வச்சிருக்கேன். எறங்குனதும் உங்க கையைப் புடிச்சுக்கிட்டு நேரா பரீட்சை நடக்கிற எடத்துக்குள்ள போயிருவேன். வெளியூர்ல இருந்து பெரிய டாக்டர்க வந்திருப்பாக, அவுக முன்னால நீங்க ஆன்னு வாயைத் தொறந்துருங்க. மூடவே கூடாது. சாயங்காலம் வரைக்கும் ஆகும். வரிசையா வந்து விரலை விட்டு அமுக்கிப் பாப்பாக, மெழுகைச் சுட வச்சு வாய்க்குள்ள வைப்பாக, பெருசா ஒண்ணும் இல்ல. குமட்டுனா நான் பக்கத்துலயே நின்னு தலையைப் புடிச்சுக்கிடுதேன். மக கை நடுங்குனாலும் நான் சொல்லிக் குடுத்துருவேன். வந்தவுகளுக்கு எல்லாம் ஆளுக்கு ஒரு பொட்டலம் மிட்டாய்...

என்ன, எந்திரிக்கீக? விருதுநகர்தான் தாண்டியாச்சே. இங்க எங்க எறங்கப் போறீக, கள்ளிக்குடிக்கு ரோடு பிரியுற விலக்குலயா? நீங்க டிக்கெட் எடுக்கும்போது கேட்டேன்ல, திருமங்கலம் தாண்டின்னு கண்டக்டர் கிட்டச் சொன்னீகளே? உக்காருங்க.

என்ன சொன்னீக?

இன்னொரு தடவை சொல்லுங்க. மெதுவா.

காலேஜுக்குத்தான் போறீகளா? பரீட்சைக்கா? யாரு பரீட்சைக்கு?

செண்பகவல்லி டாக்டரம்மாவுக்கா?

இருங்க. இருங்க அண்ணாச்சி. மூச்சு வாங்கிக்கிடுதேன். அப்ப பொய் இல்லையா அது? நெசமாவே ஆளு இருந்துச்சா? நீங்கதானா? எத்தனை மாசமாப் போறீக? ... சாத்தூர்ல பல் முகாம் போட்டப்ப அவளே உங்களைப் பாத்துப் பேசிக் கூட்டிட்டுப் போனாளா. அளவு எல்லாம் எடுத்தாச்சா. வேன்ல நான் ஆளு கொண்டு போறதுக்கும் முன்னாலயா? அப்ப அன்னைக்கு அவ அழுதது ஆளு இல்லைன்னு இல்ல. சரி. அது எதுக்குன்னு அப்புறம் யோசிக்கேன்.

அடி செம்பா! தானாவே தேடிப் புடிச்சிருக்காளே!

ஏன் அண்ணாச்சி, இதை நான் வந்து உக்காந்ததுமே சொல்லியிருக்கலாம்ல? சாத்தூர்ல இருந்து நான் தொண்டை கிழியப் பேசிக்கிட்டு வாரேன்.

சொல்லக் கூடாதுன்னு சொன்னாளா? என்னன்னு சொன்னா? பரவாயில்ல, சொல்லுங்க. என் பிள்ளை சொன்னதுதானே. ... "பஸ்ல யாராச்சும் மிட்டாய்ப் பையோட வந்து பக்கத்துல உக்காந்தா வாயைத் தொறக்காதீங்க தாத்தா. எங்க அப்பாவா இருக்கும். ரொம்ப நல்லவரு. எனக்கு ஒதவி செய்யணும்னு அலையுதாரு. அவருக்குத் தெரிஞ்சா எனக்குப் பரீட்சை போயிரும்."

அப்படியேவா சொன்னா? சிரிச்சுக்கிட்டுச் சொன்னாளா, கோவமாச் சொன்னாளா? சிரிக்கவும் இல்ல, கோவமும் இல்லையா. சரி.

வலிக்கு அண்ணாச்சி. எங்கன்னு காட்டத் தெரியல. முன்பல்லு போனப்ப கூட இப்படி வலிக்கல.

நீங்க எதுக்கு மறுபடியும் பையைத் தூக்குதீக? என்ன? "அந்தப் பிள்ளைக்காகத்தான் வந்தேன், நீ கூட வாரதா இருந்தா நான் வரல"ங்கீகளா? அய்யய்யோ, அப்படிச் சொல்லாதீக. நான் சொன்னது பூராம் சும்மா அளந்து விட்டது. சாயங்காலம் வரைக்கும் எல்லாம் ஆகாது. யாரும் விரலை விட மாட்டாக. மெழுகு சுடாது. நான் தலையைப் புடிக்க மாட்டேன், சத்தியமாப் புடிக்க மாட்டேன். கேட்டுக்குள்ளயே வரல. கேட்டுக்கு வெளிய நிக்கேன். வேண்டாமா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கேன். அதுவும் வேண்டாமா? கையைப் பாருங்க, உங்களுக்கு எப்படி நடுங்குதுன்னு. இந்த நடுக்கத்தோட போயி உக்காந்தா வாய் ஆடும், வாய் ஆடுனா அவளுக்கு அளவு தப்பும். இதைச் செஞ்சது நானா?

உக்காருங்க. நீங்க உக்காருங்க அண்ணாச்சி. நீங்க எறங்க வேண்டாம். நான் எறங்கிக்கிடுதேன்.

கண்டக்டர்! விலக்குல ஒரு எறக்கம்!

டிக்கெட்டு காலேஜ் வரைக்கும்தான் எடுத்திருக்கேன், அதனால என்ன. அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிப் போறேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நாலு வருசமாப் படிக்கா, நான் ஒரு தடவை கூட அவ வேலை செஞ்சு பாத்தது இல்ல. உங்க வாய்க்குள்ள கை வச்சவ அவ. அவ கை எப்படி?

கை வச்சதே தெரியாதா?

குமட்டல? தொண்டைப் பக்கம் கை போயிருக்குமே? முதல் நாள் குமட்டுச்சு, அவ கதை சொல்லிக்கிட்டே எடுத்துட்டாளா? என்ன கதை சொன்னா? ... எங்க அப்பா கதையா. வெத்தலை பாக்குத் தட்டோட வாய் பாக்கப் போன கதை. சிரிச்சுச் சிரிச்சு உங்களுக்குக் குமட்டலே வரலையா.

பாத்தீகளா, அப்ப நானும் ஒதவியிருக்கேன்ல! இல்லைன்னு சொல்லிராதீக. இருக்கட்டும்.

வந்துட்டேன் கண்டக்டர், வந்துட்டேன். மிட்டாய்ப் பையை நானே எடுத்துக்கிடுதேன். உங்க பக்கத்துல ஒரு பொட்டலம் கெடந்தாக் கூட அவ கண்டுபிடிச்சுருவா. தண்ணி குடிச்சுக்கோங்க. நல்லா மூச்சு விடுங்க. அவ ஆ காட்டச் சொல்லும்போது ஆ காட்டுங்க, மூடச் சொல்லும்போது மூடுங்க. நான் சொன்னது எதையும் நெனைக்காதீக.

போனதும் கேப்பா. "எங்க அப்பா வந்தாரா?"ன்னுதான் முதல்ல கேப்பா. வரலைன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. பக்கத்து சீட்டு காலியாத்தான் வந்துச்சுன்னு சொல்லுங்க.